ஜினகாஞ்சியின் விதான ஓவியங்கள்

காஞ்சி மாநகரைச் சிவகாஞ்சி, விஷ்ணுகாஞ்சி எனப் பிரித்துரைப்பது உலக வழக்கு. வேகவதி ஆற்றின் தென்கரையிலுள்ள திருப்பருத்திக்குன்றம் ஜினகாஞ்சி என்பது நாம் அறிந்ததே. அறிந்திருந்தும், மணப்பட்டு எடுக்கக் காஞ்சிக்குச் செல்லும் நம் குடும்பங்களுள் பல கடைவீதியோடு திரும்பிவிடுகின்றன.

இத்தலத்தின் தொன்மைக்குப் பள்ளன்கோவில் செப்பேடு சான்று. பல்லவ மன்னன் சிம்மவர்மன், பருத்திக்குன்றில் வாழ்ந்த நந்தி சங்கத்து வச்சிரநந்தி முனிவருக்கு அமண்சேர்க்கை என்னும் ஊரைப் பள்ளிச்சந்தமாக அளித்த செய்தியை அது கூறுகிறது. பல்லவர் கலைப்பாணியைக் காண விழைவோர் இங்குள்ள சந்திரபிரபர் கோயிலுக்குச் செல்க. அதன் கருவறை மேல்தளத்தில் உள்ளது.

அடுத்துள்ளது திரைலோக்கியநாதர் கோயில். வர்த்தமானரைத் தொழுதபின் அதன் சங்கீத மண்டபத்தில் சற்று நின்று அண்ணாந்து நோக்குதல் வேண்டும். 1387-88இல் விசயநகர அரசின் அமைச்சரும் தண்டநாயகருமான இருகப்பர், தம் ஆசிரியர் புஷ்பசேன முனிவரின் விருப்பப்படி எடுப்பித்த மண்டபம் இது. படைநடத்திய இப்பெருமகனாரே 'நானார்த்த ரத்னமாலை' என்னும் வடமொழி நிகண்டையும் இயற்றினார். அம்பியில் குந்துநாதர் கோயிலை எழுப்பியவரும் அவரே.

மண்டபத்தின் விதானத்தில் ரிஷபதேவர், நேமிநாதர், வர்த்தமானர் ஆகியோரின் வரலாறுகள் வரிசை வரிசையாகத் தீட்டப்பட்டுள்ளன. ஓவியங்கள் ஒரே காலத்தன அல்ல; விசயநகரக் காலத்துப் பணியுடன் பிற்கால வண்ணமும் கலந்துள்ளது. தவத்தில் நின்ற ரிஷபதேவரிடம் நமியும் வினமியும் நாடு வேண்டி நிற்க, தரணேந்திரன் வந்து அவர்களை ஆற்றுவிக்கும் காட்சியை இங்குக் காணலாம். கண்ணனின் இளமை விளையாட்டுகளும் உண்டு. இவை இங்கு எவ்வாறு வந்தன எனச் சிலர் வியப்பர். நேமிநாதரின் தந்தை சமுத்திரவிசயரும் கண்ணனின் தந்தை வசுதேவரும் உடன்பிறந்தார் என்னும் நம் புராண மரபை அறிந்தோர்க்கு அவ்வியப்பு எழாது. நீத்தார் கடனுக்கெனச் சமைத்த உணவை முனிவருக்கு அளித்தமையால் கணவனால் துரத்தப்பட்டு, பின்னர்த் தருமதேவி இயக்கியான பெண்ணின் கதையும் இங்கு இடம்பெற்றுள்ளது.

இக்காட்சிகளின் கீழே விளக்கங்கள் எழுதப்பட்டிருப்பது தமிழில். வடமொழி கற்ற அமைச்சர் எடுப்பித்த மண்டபமாயினும், அண்ணாந்து படிப்போர் தமிழராதலின் எழுத்தும் தமிழாயிற்று. என் கருத்தில் இத்தலத்தின் தலையாய செல்வம் இதுவே. ஸ்ரீபுராணக் கதைகளை இன்று நம் பிள்ளைகளுக்குச் சொல்லப் பாட்டிமார் அருகிலில்லை. இவ்விதானம் இன்னும் இருக்கிறது. ஆயினும் பல இடங்களில் வண்ணம் உதிர்ந்து சுண்ணம் தெரிகிறது. தி. நா. இராமச்சந்திரன் 1934இல் சென்னை அருங்காட்சியக வெளியீடாக எழுதிய ஆங்கில நூல் இவ்வோவியங்களைக் காட்சிதோறும் விளக்குகிறது; இன்று மங்கிய பகுதிகளைப் புரிந்துகொள்ள அதுவே துணை. படம்பிடிப்போர் மின்னொளியைத் தவிர்த்தல் நன்று.

புறப்படுமுன் கோயிலிலுள்ள குரா மரத்தையும் கண்டு வருக. அது தன் அளவினின்று ஓங்குவதுமில்லை, குறைவதுமில்லை என்பது மரபு. 'மேருமந்தர புராணம்' பாடிய வாமன முனிவர் வாழ்ந்த தலமும் இதுவே. புஷ்பசேனர் அவருடைய மாணவர்.