கொழும்பு ஆடிவேல் விழா: செட்டியார் தெருவிலிருந்து காலி வீதிக்கு

ஆடி மாதப் பௌர்ணமியை ஒட்டிக் கொழும்பில் நடைபெறும் ஆடிவேல் விழா, நகரின் வடக்கிலுள்ள வணிகத் தெருக்களையும் தெற்கிலுள்ள குடியிருப்புகளையும் இணைக்கும் முருகன் விழாவாகும். புறக்கோட்டைப் பகுதிக் கோயில்களிலிருந்து வேல் ரதத்தில் புறப்பட்டு, காலி வீதி வழியாகத் தென்பகுதிக் கோயில்களை அடைந்து, சில நாட்கள் அங்கே தங்கித் திரும்புவது இதன் அடிப்படை அமைப்பு. தெற்கே முருகன் தலமான கதிர்காமத்தில் திருவிழா நடக்கும் அதே காலத்தில் இதுவும் நடைபெறுகிறது. இந்த ஒற்றுமையில்தான் விழாவின் தோற்றக் காரணம் அடங்கியுள்ளது.

விழாவைத் தொடங்கியவர்கள் நாட்டுக்கோட்டை நகரத்தார். 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலிருந்து செட்டிநாட்டு ஊர்களிலிருந்து இலங்கைக்கு வந்த இவர்கள், அரிசி, துணி இறக்குமதியிலும் வட்டித் தொழிலிலும் ஈடுபட்டனர். ஆங்கிலேய வங்கிகள் உள்ளூர் வணிகருக்கும் தோட்டக்காரருக்கும் நேரடியாகக் கடன் கொடுக்கத் தயங்கிய காலத்தில், வங்கியிடம் பணம் பெற்று உள்ளூரில் கடன் கொடுக்கும் இடைநிலையில் நகரத்தார் இருந்தனர். அவர்களுடைய கிட்டங்கிகள் (வணிக இல்லங்கள்) நிறைந்திருந்த தெரு, தமிழில் செட்டியார் தெரு என்றே பெயர் பெற்றது. தொழில் செய்யப் போன ஊரிலெல்லாம் முருகனுக்குக் கோயில் எழுப்புவதும், வணிக வருவாயில் ஒரு பங்கை மகமையாக ஒதுக்கி அதை நடத்துவதும் நகரத்தார் மரபு. செட்டியார் தெருவின் பழைய, புதிய கதிரேசன் கோயில்கள் அந்த மரபில் எழுந்தவை. ‘கதிரேசன்’ என்னும் பெயரே அவர்களுடைய வழிபாடு கதிர்காமத்தை நோக்கியிருந்ததைக் காட்டுகிறது.

அந்நாளில் கதிர்காம யாத்திரை எளிதானதாக இருக்கவில்லை. கொழும்பிலிருந்து காலி, மாத்தறை, அம்பாந்தோட்டை, திஸ்ஸமகாராமை வழியாகச் சென்று, இறுதிப் பகுதியைக் காட்டுப் பாதையில் நடந்தே கடக்க வேண்டும். நல்ல குடிநீர் இல்லாத இடத்தில் பெருந்திரளான மக்கள் கூடியதால் வாந்திபேதியும் காய்ச்சலும் பரவின. தென்னிந்தியாவிலிருந்து வரும் யாத்திரிகரும் தொழிலாளரும் நோயைக் கொண்டுவருகின்றனர் என்று அஞ்சிய குடியேற்ற அரசு, 1870களில் யாத்திரைக்குக் கட்டுப்பாடுகள் விதித்தது. இந்த மேற்பார்வை நெடுங்காலம் நீடித்தது. 1908 முதல் 1911 வரை அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராக இருந்த லெனார்ட் வூல்ஃபின் பணிகளில் கதிர்காம யாத்திரையை ஒழுங்குபடுத்துவதும் ஒன்று. 1870களின் கட்டுப்பாடுகளால் கதிர்காமத்துக்குப் போக முடியாத நிலையில், அதே நாட்களில் கொழும்பிலேயே வேலை எழுந்தருளச் செய்யும் ஏற்பாடு உருவாயிற்று. 1874ஆம் ஆண்டை இதன் தொடக்கமாகக் கொள்வது வழக்கம்.

விழாவின் பாதையும் யாத்திரையின் சாயலைக் கொண்டது. செட்டியார் தெருவிலிருந்து புறப்படும் ரதம் புறக்கோட்டை, கோட்டை, காலிமுகத்திடல், கொள்ளுப்பிட்டி ஆகியவற்றைக் கடந்து பம்பலப்பிட்டி கதிரேசன் கோயில்களைச் சென்றடையும். முதலாம் குறுக்குத்தெருவிலுள்ள சம்மாங்கோடு கதிர்வேலாயுத சுவாமி கோயிலின் வேல், காலி வீதியிலுள்ள சம்மாங்கோடு மாணிக்கப்பிள்ளையார் கோயிலுக்குச் செல்லும். விழா தொடங்கிய காலத்தில் பம்பலப்பிட்டியும் வெள்ளவத்தையும் தென்னந்தோப்புகள் நிறைந்த புறநகர்ப் பகுதிகள். ஆகவே கடைத்தெருவை விட்டு, கடலோரமாகத் தெற்கு நோக்கி, ஊருக்கு வெளியே சென்று தங்குவதாகவே அந்த உலா அமைந்தது.

பின்னர் நகரமே அந்தப் பாதையில் வளர்ந்தது. 1870களின் இறுதியில் கரையோர ரயில் பாதை அமைந்தது. 1890 முதல் 1895 வரை ஆளுநராக இருந்து, பின்னர் சென்னை மாகாண ஆளுநராகவும் பணியாற்றிய சர் ஆர்தர் ஹெவ்லொக்கின் பெயரால் ஹெவ்லொக் வீதியும் ஹெவ்லொக் டவுனும் உருவாயின. வெள்ளவத்தையில் நூல் நூற்பு, நெசவு ஆலை எழுந்தது. 20ஆம் நூற்றாண்டில் அரச உத்தியோகத்துக்கும் தொழிலுக்கும் வந்த யாழ்ப்பாணத் தமிழர் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, ஹெவ்லொக் டவுன் பகுதிகளில் பெருமளவில் குடியேறினர். ஊருக்கு வெளியே தங்கப் போன வேல், இவ்வாறு தமிழர் செறிந்து வாழும் நகர்ப்பகுதியின் நடுவே தங்கும் நிலை ஏற்பட்டது. விழாவின் கூட்டம் பெருகியதற்கு இந்த மாற்றமே முதன்மைக் காரணம்.

உலாவில் வெள்ளி ரதத்துக்கு முன்னால் நாதஸ்வரமும் தவிலும் முழங்கும். காவடிகளும் பஜனைக் குழுக்களும் உடன் செல்லும். வீடுகள், கடைகள் முன்னே நிறைகுடம் வைத்து, அருச்சனைத் தட்டுடன் மக்கள் காத்திருப்பர். ரதம் நின்று நின்று போவதால் சில கிலோமீட்டர் தூரத்தைக் கடக்க ஒரு நாளின் பெரும்பகுதி தேவைப்படும். வழியெங்கும் தண்ணீர்ப் பந்தல்களில் மோரும் சர்க்கரைத் தண்ணீரும் வழங்கப்படும். வேல் தங்கும் நாட்களில் கோயில்களில் சிறப்புப் பூசையும் அன்னதானமும் நடைபெறும். பம்பலப்பிட்டி கதிரேசன் மண்டபம் விழாக் காலத்தோடு நின்றுவிடாமல், இசைக் கச்சேரிக்கும் நடன அரங்கேற்றத்துக்கும் கொழும்புத் தமிழர் நாடும் இடமாக வளர்ந்தது. அதே வட்டாரத்தின் சரஸ்வதி மண்டபமும் வெள்ளவத்தை இராமகிருஷ்ண மிஷன் மண்டபமும் இவ்வகையில் குறிப்பிடத்தக்கவை.

கோயிலுக்கு வெளியே இது நகரத்தின் சந்தையாகவும் இருந்தது. காலி வீதியின் இரு பக்கமும் கரும்புக் கட்டுகள் சாத்தி வைக்கப்பட்டிருக்கும். வளையல், பொம்மை, கடலை, பம்பாய் மிட்டாய் விற்கும் கடைகள் இரவு வரை திறந்திருக்கும். சிங்களவரும் முஸ்லிம்களும் பறங்கியரும் குடும்பத்தோடு வருவர். கதிர்காமத் தெய்வத்தைச் சிங்கள பௌத்தரும் வணங்குவதால், வேல் அவர்களுக்கும் அந்நியமானதன்று. சமய ஊர்வலங்கள் கலவரத்துக்கு வழிவகுத்த நாட்டில் இந்தக் கலப்பு கவனிக்கத்தக்கது. 1883இல் உயிர்த்த ஞாயிறன்று கொட்டாஞ்சேனையில் பௌத்த ஊர்வலத்தை ஒட்டிக் கத்தோலிக்கருடன் மோதல் மூண்டது. 1915 கலவரத்தின் பின்னணியிலும் பெரஹரா (பௌத்த ஊர்வலம்) ஒன்று பள்ளிவாசலைக் கடந்து செல்வது பற்றிய கம்பளைத் தகராறு இருந்தது.

புலம்பெயர்ந்த வணிகர் தமது விழாவைப் போன இடத்தில் பெருக்கியது கொழும்பில் மட்டும் நடந்ததன்று. சிங்கப்பூரில் 1859இல் எழுந்த தெண்டாயுதபாணி கோயிலும், பினாங்கின் நகரத்தார் கோயிலும் தைப்பூச வெள்ளி ரத ஊர்வலத்துக்குப் பெயர் பெற்றவை. பிற நாட்டவரிடமும் இதே போக்கு உண்டு. அயர்லாந்தின் புனித பத்திரிக்கு நாள் ஊர்வலம் நியூயார்க்கில் 1762இலேயே நடந்தது. அந்நாட்டின் தலைநகரான டப்ளினில் இசையும் கலைகளும் சேர்ந்த பெருவிழாவாக அது அமைக்கப்பட்டது 1996இல்தான். ஆடிவேலும் செட்டிநாட்டில் இந்த வடிவில் இல்லை. அங்கே நகரத்தாரின் பெரும் யாத்திரை, தைப்பூசத்துக்குப் பழனி நோக்கி நடப்பதே.

நகரத்தாரின் பொருளாதார பலம் 1925இல் ஏற்பட்ட கடன் நெருக்கடியிலிருந்து சரியத் தொடங்கியது. வங்கிகள் அவர்களுக்குக் கடன் கொடுப்பதைச் சுருக்கின. 1934இல் வங்கித்துறை பற்றி ஆராய்ந்த ஆணைக்குழுவின் பரிந்துரையைத் தொடர்ந்து 1939இல் இலங்கை வங்கி நிறுவப்பட்டது. 1948இன் குடியுரிமைச் சட்டமும், அதன் பின் வந்த விசா, நாணயக் கட்டுப்பாடுகளும் பலரைத் தாயகத்துக்குத் திரும்ப வைத்தன. கிட்டங்கிகள் கைமாறின, செட்டியார் தெரு நகைக்கடைத் தெருவாயிற்று. விழா மட்டும் நிற்கவில்லை. கோயில் அறங்காவலர்களுடன் கொழும்பிலேயே நிலைத்த இந்திய வம்சாவளி வணிகரும், யாழ்ப்பாணத் தமிழரும், மலையகத்திலிருந்து நகருக்கு வந்தவர்களும் அதைத் தாங்கினர்.

மிகப் பெரிய இடையூறு 1983 ஜூலை வன்செயலால் வந்தது. புறக்கோட்டையிலும் வெள்ளவத்தையிலும் தமிழரின் கடைகளும் வீடுகளும் எரிக்கப்பட்டன. விழாப் பாதையில் வாழ்ந்த குடும்பங்கள் பல நாட்டைவிட்டு வெளியேறின. அதன் பின் சில ஆண்டுகள் வீதியுலா நடைபெறவில்லை. மீண்டும் தொடங்கியபோதும், 2009இல் உள்நாட்டுப் போர் முடியும்வரை கோட்டைப் பகுதியின் பாதுகாப்பு வளையங்களுக்கும் சோதனைச் சாவடிகளுக்கும் ஏற்பவே அது நடத்தப்பட்டது. இன்றைய விழாவில் பழைய நாட்களின் கடைவீதிக் கொண்டாட்டம் சுருங்கியுள்ளது. வேல் செல்லும் வழி, கதிர்காம விழாவோடு ஒத்த காலம், தங்கித் திரும்பும் முறை ஆகிய மூன்றும் தொடர்கின்றன.