டிக்கெட், தள்ளுபடி, தலைக்கட்டு: ஒரு பட்டியலின் கதை

சென்னையில் டிசம்பர் மாதம் வந்துவிட்டால் சபாக்களில் டிக்கெட் பேச்சுதான். முன்வரிசைக்கு ஒரு விலை, நடுவில் ஒரு விலை, பால்கனிக்கு ஒரு விலை. உறுப்பினருக்குத் தனி வரிசை. மத்தியானக் கச்சேரி என்றால் பல சபாக்களில் இலவசம். யாருக்கு எவ்வளவு குறைக்கலாம், யாரிடம் எவ்வளவு வாங்கலாம் என்று கணக்குப் போடுவது சபா செயலாளர்களுக்கு ஒரு கலையாகவே ஆகிவிட்டது.

அங்கிருந்து வடக்கே சுமார் 60 கிலோமீட்டர் போனால் பழவேற்காடு. ஏரிக்கரையில் வரிசையாக மீனவர் குப்பங்கள். அவற்றில் ஒன்று கோட்டைக்குப்பம். அது இருக்கும் திருவள்ளூர் மாவட்டமும், அதை ஒட்டிய காஞ்சிபுரம், வேலூர், திருவண்ணாமலைப் பக்கமும் தெருக்கூத்துக்குப் பேர் போன பகுதி. இரவு பத்து மணி வாக்கில் தொடங்கி விடிய விடிய நடக்கும் கூத்துக்கு டிக்கெட் கிடையாது, வாசலும் கிடையாது. வாசலே இல்லாத இடத்தில் தள்ளுபடி எப்படி இருக்கும்?

இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள முதலில் ‘தலைக்கட்டு’ என்ற சொல்லைப் புரிந்துகொள்ள வேண்டும்.

வாசலுக்கு முன்பே வாங்கும் கட்டணம்

தமிழ்நாட்டுக் கிராமங்களில் திருவிழாச் செலவுக்கு ஊரார் வரி போடுவது பழைய வழக்கம். வரி ஆளுக்கு இவ்வளவு என்று இல்லை, தலைக்கட்டுக்கு இவ்வளவு. கல்யாணமாகித் தனியாகக் குடும்பம் நடத்தும் ஆண் ஒரு தலைக்கட்டு. அந்த வரிப் பணத்தில்தான் அம்மனுக்கு அலங்காரம், பந்தல், மேளம், கூத்து எல்லாம். கூத்து ஜமாவுக்கு ஊர் மொத்தமாகப் பேசி வெற்றிலை பாக்கில் முன்பணம் வைத்துக் கொடுத்துவிட்டால், அன்றிரவு யார் வேண்டுமானாலும் பாயை விரித்து உட்காரலாம். பக்கத்து ஊர்க்காரரும் வரலாம், வழிப்போக்கரும் வரலாம். ஆட்டம் பிடித்துப்போனால் நடிகருக்கு அன்பளிப்பு கொடுக்கலாம். கொடுத்தவர் பெயரை மேடையிலேயே சொல்வார்கள். விருப்பப்பட்டவர் மட்டும் கூடுதலாகக் கொடுக்கும் கட்டணம் அது!

இதற்குள்ளும் சலுகை உண்டு. பல ஊர்களில் கணவனை இழந்த பெண்ணின் வீட்டுக்கு அரை வரி, அல்லது வரியே இல்லை. ஆக, யாரால் கொடுக்க முடியும், யாரால் முடியாது என்று ஊருக்குத் தெரியும். அதற்குத் தனியாக விண்ணப்பமோ சான்றிதழோ தேவைப்படவில்லை.

பழவேற்காட்டில் இந்தத் தலைக்கட்டுக்கு இன்னும் ஒரு கனம் உண்டு. ஏரியில் இறால் நன்றாகக் கிடைக்கும் இடங்களைப் பங்கிட்டுக்கொள்ளும் ‘பாடு’ முறையும் அதே கணக்கை வைத்துத்தான் நடக்கிறது. கோட்டைக்குப்பம் போன்ற பாடு உரிமையுள்ள குப்பங்களில், எந்த நாளில் எந்த இடத்தில் யார் வலை போடுவது என்பதைச் சீட்டுக் குலுக்கி முறை வைத்துத் தீர்மானிக்கிறார்கள். அந்த முறையில் இடம் பெறத் தலைக்கட்டாக இருக்க வேண்டும். அதாவது, திருவிழாவுக்கு வரி கொடுக்கும் பட்டியலும் ஏரியில் உரிமை பெறும் பட்டியலும் ஏறத்தாழ ஒன்றுதான். இந்த ‘பட்டியல்’ என்ற விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கதை முழுக்க இது வரப் போகிறது.

ஏதென்ஸ் நகரத்தின் இரண்டு காசு

இப்போது கொஞ்சம் பின்னால், கி.மு. காலத்துக் கிரேக்கத்துக்குப் போவோம். நாடகத்துக்கு டிக்கெட் வாங்கும் வழக்கம் நன்றாகப் பதிவாகியிருக்கும் மிகப் பழைய இடங்களில் ஒன்று ஏதென்ஸ். டயோனிசஸ் கடவுளுக்கான விழாவில் நாடகப் போட்டி நடக்கும். இடத்துக்குக் கட்டணம் இரண்டு ஓபல். ஏழைக் குடிமகன் கட்டணத்துக்குப் பயந்து வராமல் போய்விடக் கூடாது என்று அரசே அந்தக் காசைக் கொடுத்தது. அந்த நிதிக்குப் பெயர் ‘தியோரிகான்’. இதைத் தொடங்கியவர் பெரிக்ளீஸ் என்று பிற்கால எழுத்தாளர்கள் சிலர் சொல்கிறார்கள். கி.மு. 4-ஆம் நூற்றாண்டில் யூபுலஸ் என்ற தலைவர் காலத்தில் அது பெரிய நிதியாக வளர்ந்தது. மாசிடோனியாவின் பிலிப் படையெடுத்து வரும் ஆபத்து இருந்தபோது, இந்தப் பணத்தைப் போருக்குத் திருப்ப வேண்டும் என்று டெமாஸ்தனிஸ் வாதாட வேண்டியிருந்தது. நாடகக் காசில் கை வைப்பது அவ்வளவு சிக்கலான அரசியல்!

காசு யாருக்குக் கொடுத்தார்கள் என்பதுதான் முக்கியம். ஒவ்வொரு வட்டாரத்திலும் குடிமக்கள் பதிவேடு இருந்தது. அதில் பெயர் இருந்தால் காசு. அடிமைகள், வெளியூரிலிருந்து வந்து குடியேறியவர்கள், பெண்கள் யாருக்கும் அந்தப் பதிவேட்டில் இடமில்லை. உலகப் புகழ் பெற்ற ஜனநாயகத்தின் கலைச் சலுகையும் ஒரு தலைக்கட்டுப் பட்டியலை வைத்துத்தான் நடந்தது என்று சொன்னால் தப்பில்லை.

லண்டனில் கடிகாரம் கொடுத்த தள்ளுபடி

பட்டியலே இல்லாமல் சலுகை கொடுக்க முடியாதா? 18-ஆம் நூற்றாண்டு லண்டன் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தது. ஐந்து அங்க நாடகத்தில் மூன்றாம் அங்கம் முடிந்த பிறகு வந்தால் பாதி விலை. நீ யார் என்று யாரும் கேட்க மாட்டார்கள். வேலை முடிந்து தாமதமாக வரும் குமாஸ்தாவும் கடைப் பையனும் மிச்ச நாடகத்தையும் கடைசியில் வரும் கேலிக் கூத்தையும் பார்த்துவிட்டுப் போவார்கள். நேரம் இருக்கிறவன் முழு விலை, நேரம் இல்லாதவன் பாதி விலை.

1763-இல் ட்ரூரி லேன் அரங்கம் இந்தச் சலுகையை நிறுத்தப் பார்த்தது. அரங்கத்தில் கலவரமே வெடித்தது. புகழ் பெற்ற நடிகரும் நிர்வாகியுமான டேவிட் காரிக் பணிந்துபோக வேண்டியதாயிற்று. 1809-இல் கோவென்ட் கார்டன் அரங்கம் தீ விபத்துக்குப் பிறகு புதிதாகக் கட்டித் திறக்கப்பட்டபோது விலையை ஏற்றினார்கள். தரைப் பகுதிக்கு மூன்றரை ஷில்லிங் இருந்தது நான்கு ஷில்லிங் ஆனது. ஜனங்கள் அறுபதுக்கும் மேற்பட்ட இரவுகள் அரங்கத்துக்குள்ளேயே கத்தி, மணியடித்து, ஆடிப் பாடி ரகளை செய்தார்கள். கடைசியில் நிர்வாகம் மன்னிப்புக் கேட்டுத் தரைப் பகுதிக்குப் பழைய விலையையே வைத்தது. குறைந்த விலையை அவர்கள் நிர்வாகம் போடும் பிச்சையாக நினைக்கவில்லை, தங்கள் உரிமையாக நினைத்தார்கள்.

தரை டிக்கெட் வந்த கதை

நம் ஊருக்கு வருவோம். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பார்சி நாடகக் கம்பெனிகள் ஊர் ஊராகச் சுற்றியபோது, திரை கட்டிய மேடையும் கொட்டகையும் டிக்கெட்டும் பரவின. பம்மல் சம்பந்த முதலியார் 1891-இல் சென்னையில் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். இப்படி இரண்டு வழிகள் பிரிந்தன. ஒன்று, படித்த உத்தியோகஸ்தர்கள் உறுப்பினராக இருந்து நடத்தும் சபை. இன்னொன்று, டிக்கெட் வசூலை நம்பி வாழும் தொழில்முறைக் கம்பெனி.

கம்பெனிக் கொட்டகையில் நாற்காலி, பெஞ்சு, தரை என்று வகுப்புகள். பின்னால் வந்த டூரிங் டாக்கீஸும் இதையே எடுத்துக்கொண்டது. மணலைக் குவித்து அதன்மேல் உட்கார்ந்து படம் பார்த்த கதையை நம் தாத்தா பாட்டிகளிடம் கேட்டால் சொல்வார்கள். தரை டிக்கெட் ஏழைகளுக்கான சலுகைதானே? ஆமாம். ஆனால் அதில் இன்னொரு கணக்கும் உண்டு.

1849-இல் பிரெஞ்சுப் பொறியாளர் ழூல் துபுயி ரயில் கட்டணத்தைப் பற்றி எழுதும்போது ஒரு விஷயத்தைச் சுட்டிக்காட்டினார். மூன்றாம் வகுப்புப் பெட்டிக்குக் கூரை போடாமல் விட்டது கூரைச் செலவை மிச்சம் பிடிக்க அல்ல. இரண்டாம் வகுப்புக்குக் காசு கொடுக்கக் கூடியவன் மூன்றாம் வகுப்பில் ஏறிவிடக் கூடாது என்பதற்காகத்தான்! கொட்டகைத் தரைக்கும் இது பொருந்தும். பெஞ்சுக்குக் காசு வைத்திருப்பவர் மணலில் உட்காரக் கூச்சப்படுவார். அந்தக் கூச்சம்தான் அங்கே டிக்கெட் பரிசோதகர். கூத்தில் எல்லோரும் தரையில்தான் உட்கார்ந்தார்கள், அதில் கூச்சம் ஏதுமில்லை. கொட்டகை வந்த பிறகுதான் தரை ஒரு வகுப்பாயிற்று.

சபாவின் பட்டியல்

மியூசிக் அகாடமி 1928-இல் தொடங்கியது. தமிழிசைச் சங்கம் 1943-இல். மயிலாப்பூர், தி.நகர் என்று சபாக்கள் பெருகின. 1950களிலிருந்து 70கள் வரை சென்னையின் மேடை நாடகங்களைத் தாங்கிப் பிடித்தது இந்தச் சபாக்களின் உறுப்பினர் சந்தாதான். வருடத்துக்கோ மாதத்துக்கோ ஒரு தொகை கட்டிவிட்டால், மாதம் சில நிகழ்ச்சிகளுக்குக் குடும்பத்தோடு போகலாம். தனித்தனியாக டிக்கெட் வாங்குவதைவிட மலிவு. சபாவுக்கு முன்கூட்டியே பணம் வந்துவிடும். நாடகக் குழுவுக்கோ ‘வசூல் வருமா’ என்ற பயம் இல்லாமல் பேசிய தொகை கிடைத்துவிடும். கே.பாலசந்தர், சோ போன்றவர்கள் வளர்ந்தது இந்த மேடைகளில்தான்.

கவனித்துப் பாருங்கள், இது தலைக்கட்டு வரிதான்! முன்பே கொடு, பிறகு டிக்கெட் இல்லாமல் பார். ஒரே வித்தியாசம், கூத்துக்கு வரி கொடுக்காத வெளியூர்க்காரனும் பார்க்கலாம். சபாவில் உறுப்பினரும் அவர் குடும்பமும் போக, மற்றவர் டிக்கெட் வாங்க வேண்டும். இங்கேயும் பட்டியல் இருக்கிறது. சந்தா கட்டும் வசதி, அந்தப் பேட்டையில் வீடு, அறிமுகம் உள்ளவர்கள்தான் அதில் சேர்ந்தார்கள். பார்வையாளர் யார் என்று தெரிந்ததால் அவர்களுக்குப் பிடித்த மாதிரியே நாடகங்களும் வந்தன. மத்தியதர வர்க்கத்து வீட்டுக் கதைகள் சபா மேடையை நிறைத்தன.

தள்ளுபடி யாரைக் கூட்டி வருகிறது?

வில்லியம் பாமோல், வில்லியம் போவன் என்ற இரண்டு அமெரிக்கப் பொருளாதார அறிஞர்கள் 1966-இல் நிகழ்த்துகலைகளின் பொருளாதாரம் பற்றி ஒரு பெரிய ஆய்வு வெளியிட்டார்கள். நாடகம், இசை, நடனம் என எதை எடுத்தாலும் பார்வையாளர்கள் பெரும்பாலும் அதிகம் படித்தவர்கள், சராசரியைவிட அதிக வருமானம் உள்ளவர்கள் என்று அது காட்டியது. 1973-இல் நியூயார்க் டைம்ஸ் சதுக்கத்தில் அன்றைய மிச்ச டிக்கெட்டுகளைக் குறைந்த விலைக்கு விற்கும் கவுன்டர் திறந்தார்கள். 1980-இல் லண்டனிலும் வந்தது. காலி நாற்காலிகள் நிரம்பின. ஆனால் வரிசையில் நின்று வாங்க அங்கே ஒரு நாடகம் நடக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும், அது தனக்கானது என்ற எண்ணமும் இருக்க வேண்டும். மாணவர் தள்ளுபடி, மூத்தோர் தள்ளுபடி, முன்பதிவுத் தள்ளுபடி என்று இன்று அரங்கங்கள் கொடுப்பவையும் பெரும்பாலும் ஏற்கனவே வாசலுக்குப் பக்கத்தில் நிற்பவரைத்தான் உள்ளே இழுக்கின்றன. தூரத்தில் இருப்பவருக்கு விலை மட்டும் தடை இல்லையே. பேருந்து, நேரம், உடுப்பு, ‘நம்மை எப்படிப் பார்ப்பார்களோ’ என்ற தயக்கம்... இவற்றுக்கு யாரும் தள்ளுபடி கொடுப்பதில்லை.

இதைப் புரிந்துகொண்ட சிலர் கலையை வாசலுக்கு வெளியே கொண்டுவந்தார்கள். 2007-இல் தொடங்கிய சென்னை சங்கமம் பூங்காக்களிலும் தெருக்களிலும் இலவசமாக நிகழ்ச்சிகள் நடத்தியது. இடையில் நின்றுபோய் 2023-இல் மீண்டும் தொடங்கப்பட்டது. 2015-இல் பாடகர் டி.எம்.கிருஷ்ணா, சூழல் ஆர்வலர் நித்தியானந்த் ஜெயராமன் முதலியோர் ஊர் மக்களோடு சேர்ந்து பெசன்ட் நகரை ஒட்டிய ஊரூர் ஆல்காட் குப்பத்தில் விழா எடுத்தார்கள். கோட்டைக்குப்பம் போலவே அதுவும் ஒரு மீனவர் குப்பம். டிக்கெட் இல்லை. அங்கே கர்நாடக சங்கீதமும் பரதநாட்டியமும் நடந்தன. சபாவுக்குப் போகிறவர்கள் குப்பத்துக்குள் முதல்முறையாகக் கால் வைத்ததையும் சேர்த்துத்தான் அந்த விழாவின் பலனைக் கணக்கிட வேண்டும்.

பட்டியலில் இல்லாதவர்கள்

அப்படியானால் கிராமத்துத் தலைக்கட்டு முறைதான் உயர்ந்தது, டிக்கெட் முறை மோசம் என்று முடித்துவிடலாமா? அவசரப்பட வேண்டாம்.

தலைக்கட்டு என்றால் ஆண். பெண் வரியில் சலுகை பெறுகிறாள், ஆனால் ஊர்க்கூட்டத்தில் எந்தக் கூத்து, எந்த ஜமா என்று தீர்மானிக்கும்போது அவளுக்குக் குரல் இல்லை. பழவேற்காட்டில் பாடு உரிமை பாரம்பரியமாகப் பட்டினவர் சமூகத்தின் குப்பங்களுடையது. அதே ஏரியை நம்பி வாழும் தலித் மக்களும் மற்றவர்களும் அதற்கு வெளியே நிற்கிறார்கள். இதனால் பல பத்தாண்டுகளாகத் தகராறுகள் நடந்திருக்கின்றன. 2004 சுனாமிக்குப் பிறகு கடலோரக் கிராமங்கள் பலவற்றில் ஊர்ப் பஞ்சாயத்துப் பட்டியலை வைத்து நிவாரணம் பங்கிட்டபோது, அதில் பெயர் இல்லாத விதவைகளும் தலித்துகளும் விடுபட்டதாகப் புகார்கள் எழுந்தன. கூத்து பார்க்கும் இரவில் கண்ணுக்குத் தெரியாத பட்டியல், சோறு பங்கிடும் பகலில் தெரிந்துவிட்டது.

ஏதென்ஸ் பதிவேடு, சபா சந்தாப் புத்தகம், குப்பத்துத் தலைக்கட்டுக் கணக்கு மூன்றும் ஒரு விஷயத்தில் ஒன்று. ஒவ்வொரு சலுகைக்குப் பின்னாலும் ‘நம்மவர் யார்’ என்ற கேள்விக்கு எழுதிய பதில் ஒன்று இருக்கிறது. பட்டியல் வைத்திருப்பது குற்றமில்லை. பட்டியல் இல்லாவிட்டால் விதவை வீட்டுக்கு அரை வரி என்ற நல்ல வழக்கமும் இருந்திருக்காது. அதைத் திருத்தும் உரிமை யார் கையில் இருக்கிறது என்பதுதான் பிரச்சினை. லண்டன் ஜனங்கள் அறுபது இரவு கத்தித் திருத்தினார்கள். நம் ஊரில் வரிசையின் கடைசியில் நிற்பவர் பெரும்பாலும் கத்துவதில்லை, பேசாமல் வீட்டுக்குப் போய்விடுகிறார்.

அடுத்த முறை ஒரு அரங்க வாசலில் ‘மாணவர்களுக்கு 50 சதவீதம் தள்ளுபடி’ என்ற பலகையைப் பார்த்தால் சந்தோஷமாக வாங்கிக்கொள்ளுங்கள். அப்படியே, எந்தப் பலகையிலும் பெயர் இல்லாதவர் யார் என்றும் ஒரு நிமிஷம் யோசித்துப் பாருங்கள்.