திருச்சிராப்பள்ளியும் ஹந்தானையும்: தூரமும் காலமும்

ஹந்தானை மலைச்சாரலிலிருந்து திருச்சிராப்பள்ளி நேர்கோட்டில் ஏறத்தாழ 440 கிலோமீற்றர் தொலைவிலுள்ளது. கண்டியில் விமான நிலையம் இல்லை. எனினும், கட்டுநாயக்காவில் விமானமேறும் ஒருவர் ஒரு மணி நேர அளவிலே திருச்சியில் இறங்கிவிடலாம். கண்டிச் சூழல் மலைகளிற் கோப்பி பயிரிடப்பட்ட காலத்தில் இதே தூரம் வாரக்கணக்கான பயணமாயிருந்தது. பயணக் காலத்தை நிலத்தின் அளவு மட்டும் நிர்ணயிப்பதில்லை. வழி எவருக்காகச் சமைக்கப்பட்டது என்பதும் நிர்ணயிக்கின்றது.

கொழும்பு வழியை முதலில் நோக்கலாம். 1815இல் கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் வசமாயிற்று. படை நடத்துவதற்கெனத் தேசாதிபதி எட்வேட் பாண்ஸ் அமைப்பித்த 72 மைல் வீதி விரைவிலேயே கோப்பியின் வீதியாயிற்று. 1832இல் அதில் தபால் வண்டி ஓடத் தொடங்கியது. வீதியமைத்த பொறியியலாளர் டோசனுக்குக் கடுகண்ணாவையில் ஞாபகத் தூண் நிற்கின்றது. 1867இல் புகையிரதமும் கண்டியை அடைந்தது. ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரையில் தேயிலை பயிரிட்டதும் அதே ஆண்டிலேதான்.

தொழிலாளர் வந்த வழியோ வேறு. திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, இராமநாதபுரம் ஆகிய பகுதிகளின் வறண்ட கிராமங்களிலிருந்து கங்காணியின் பின்னே கடற்கரைவரை நடந்தனர். தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கினர். அங்கிருந்து மாத்தளைக்கு ஏறத்தாழ 150 மைல் காட்டு வழியாக மீண்டும் நடந்தனர். நீர் அரிதான வன்னிக் காடு. வாந்திபேதியும் காய்ச்சலும் உடன் வந்தன. நோயுற்றோர் வழியிலே விடப்பட்டனர். 1841 முதல் 1849 வரை மாண்டோர் 70,000 எனக் 'கொழும்பு ஒப்சர்வர்' பத்திரிகை கணித்தது. இத்தொகை மிகையாயிருக்கலாம், ஆயினும், தோட்டத்துரைமாரின் கோப்பி மூடைகளை எண்ணிய அரசாங்கம் இச்சாவுகளைச் செவ்வையாக எண்ணவில்லை என்பதே கவனிக்கத்தக்கது. மாத்தளையை அடைந்தபின்னும் கண்டிக்கு 16 மைல்; அதன் பின்னரே மலையேற்றம். கோப்பி பருவப் பயிராதலால் அறுவடை முடிந்ததும் பலர் ஊர் திரும்பினர். ஆகவே இத்தூரம் ஆண்டுக்கு இருமுறை நடக்கப்பட்டது. ஆண்டு முழுவதும் கொழுந்தெடுக்க வேண்டிய தேயிலை வந்த பின்னரே குடும்பங்கள் லயங்களில் நிலைத்தன.

கோப்பியைத் துறைமுகத்துக்குக் கொண்டுசெல்லப் புகையிரதம் 1867இல் வந்தது. மன்னார்க் கரைக்கு இருப்புப்பாதை 1914இலேயே வந்தது. இடையில் 47 ஆண்டுகள்! அவ்வாண்டில் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்குமிடையே கப்பற் சேவை தொடங்கியதும் பயணம் நாட்கணக்காகச் சுருங்கியது. 1947 டிசம்பரில் எயார் சிலோன் இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்கு விமானம் விட்டது. தோட்டத் தொழிலாளியின் கூலிக்கு அது எட்டாத வாகனம்.

1964 ஒக்டோபர் 30இல் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. 5,25,000 பேர் இந்தியாவுக்கு அனுப்பப்படுவரென அது விதித்தது. இரு மாதம் கழியுமுன் டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழிக்க, கப்பல் இராமேசுவரத்துக்குச் செல்வதாயிற்று. பாட்டனார் நடந்து வந்த திசையிலே பேரர் புகையிரதத்தில் தலைமன்னாருக்குச் சென்றனர். அவர்களுட் பலர் தமிழகத்தை ஒருபோதும் கண்டவரல்லர். வழியனுப்ப வந்தோர் நிலைய மேடைகளில் எழுப்பிய அழுகையால், மலையக மக்கள் அவ்வண்டியை 'ஒப்பாரிக் கோச்சி' என்றழைத்தனர்.