சேர்ந்து பாடக் கற்பித்தவர்

நெகிரி செம்பிலானில் ரந்தாவ், பகாவ், போர்ட்டிக்சன் வட்டாரத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்குப் பஜனை புதிதன்று. கோயிலில் ஒருவர் முதலடியைப் பாடுவார். மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். பத்துப் பேர் பாடினாலும் நூறு பேர் பாடினாலும் மெட்டு ஒன்றுதான். ஆனால் ஒரே நேரத்தில் ஒரு குழு ஒரு சுரத்திலும் மற்றொரு குழு வேறொரு சுரத்திலும் பாடி, இரண்டும் மோதாமல் இசைந்து செல்வதும் உண்டு. அதுவே சேர்ந்திசை. தேவாலயங்களில் இம்முறை முன்பே இருந்தது. அதைப் பாரதியின் பாடல்களுக்குக் கொண்டுவந்து மேடையேற்றியவர்களுள் முதன்மையானவர் எம்.பி. சீனிவாசன்.

மானாமதுரை பாலகிருஷ்ணன் சீனிவாசன் 1925 செப்டம்பர் 19ஆம் நாள் சித்தூரில் பிறந்தார். இளமையிலேயே பொதுவுடைமை இயக்கத்தில் ஈடுபட்டார். ஜாலியன்வாலாபாக் வரலாற்றில் இடம்பெற்ற சைபுதீன் கிச்சலுவின் மகள் ஜாகிதாவை மணந்தார். மதமும் மொழியும் கடந்த அந்தத் திருமணம் அவருடைய கொள்கைக்கும் சான்றாயிற்று.

திரையிசையிலும் அவர் பெயர் நிற்கிறது. 1960இல் வெளியான ‘பாதை தெரியுது பார்’ படத்துக்கு இசையமைத்தார். கே.ஜே. ஏசுதாஸ் முதன்முதலாகத் திரைக்குப் பாடியது, 1962இல் வெளிவந்த ‘கால்பாடுகள்’ என்னும் மலையாளப் படத்தில், இவருடைய இசையில்தான். சாதி வேற்றுமையைக் கண்டித்த ஸ்ரீ நாராயண குருவின் வரிகள் அவை. பின்னர் அடூர் கோபாலகிருஷ்ணனின் ‘எலிப்பத்தாயம்’ முதலிய படங்களுக்கும் இசை தந்தார்.

எனினும் அவர் நெஞ்சுக்கு நெருக்கமானது சேர்ந்திசையே. 1970களின் தொடக்கத்தில் ‘மெட்ராஸ் யூத் கொயர்’ என்னும் குழுவை அமைத்தார். அதில் பாடியவர்களுள் பலர் இசையைத் தொழிலாகக் கொள்ளாத இளைஞர்கள். தமிழோடு பிற இந்திய மொழிப் பாடல்களையும் அவர்கள் பாடினர்.

இப்பணி எளிதன்று. ஏன் என்று பார்ப்போம். நம் இசை ஒற்றை மெட்டில் நடப்பது. கமகமே அதன் அழகு. தோடியின் காந்தாரம் ஓரிடத்தில் நில்லாமல் அசைந்துகொண்டே இருக்கும். அசையும் சுரத்தின் மேல் வேறொரு சுரத்தை வைத்தால் இரண்டும் உரசும். மோகனம் போன்ற ராகத்தின் சுரங்களையோ ஓரளவு நேராக நிறுத்தலாம். ஒரு குழு சட்ஜத்தில் நீட்டி நிற்க, இன்னொன்று காந்தாரத்திலும் மூன்றாவது பஞ்சமத்திலும் சேர்ந்தால் செவிக்கு நிறைவாக இருக்கும். ராகத்தின் சாயலும் கெடக்கூடாது; குரல்களும் ஒத்துப்போக வேண்டும். இவ்விரண்டுக்கும் இடையே வழி கண்டதுதான் சீனிவாசனின் சாதனை.

பாடுவோரை ஒன்று சேர்த்தவர், வாத்தியம் வாசிப்போரையும் ஒன்று சேர்த்தார். படத்தில் பெயர் வராத வாத்தியக் கலைஞர்களுக்குக் கூலியும் மதிப்பும் கிடைக்க வேண்டுமென்று சென்னையில் திரையிசைக் கலைஞர் சங்கம் உருவாக உழைத்தார். கூலிக்காகச் சங்கம் கண்ட தோட்ட மக்களாகிய நமக்கு அந்த உழைப்பின் அருமை சொல்லாமலே விளங்கும்.

1988 மார்ச் 9ஆம் நாள் இலட்சத்தீவில் அவர் மறைந்தார். அவர் உருவாக்கிய குழு அவருக்குப் பின்னும் தொடர்ந்து பாடியது.

ஆசிரியர்களாகிய நாம் அவரிடம் கற்க வேண்டியது ஒன்றுண்டு. பள்ளி விழா வந்தால் குரல்வளமுள்ள இரண்டு பிள்ளைகளை மேடையேற்றி, மற்றவர்களைக் கைதட்ட உட்கார வைத்துவிடுகிறோம். “உனக்குப் பாட வராது” என்று எட்டு வயதில் கேட்ட பிள்ளை, பிறகு வாய் திறப்பதே இல்லை. சேர்ந்திசையில் அந்தப் பிள்ளைக்கும் இடமுண்டு. அடங்கிய குரலுக்கு ஒரு வரிசை, கணீரென்ற குரலுக்கு மற்றொரு வரிசை. பக்கத்துப் பிள்ளையின் குரலைக் கேட்டுக்கொண்டே தன் சுரத்தில் நிற்க வேண்டும் என்பது ஒன்றே விதி. அதற்கு வாத்தியமும் வேண்டாம், பெருஞ்செலவும் வேண்டாம். வகுப்பை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியைச் சட்ஜத்திலும் மறு பாதியைப் பஞ்சமத்திலும் நிறுத்திப் பாருங்கள். பாட வராது என்று நாம் ஒதுக்கிய பிள்ளையின் முகத்தையும் அப்போது பாருங்கள்.