நாமக்கல் வட்டாரமும் லாரித் தொழிலும்



பொருளியல் நூலார் மனிதர் செய்யும் தொழில்களை மூவகையாகப் பகுப்பர். நிலத்தில் விளைவிப்பது முதல் வகை. ஆலையில் பொருள் செய்வது இரண்டாம் வகை. பொருளைக் கொண்டு செல்லுதல், விற்றல், கற்பித்தல், நோய் தீர்த்தல் போன்றவை மூன்றாம் வகை. இம் மூன்றாவதையே சேவைத் துறை என்கிறோம். தமிழ்நாட்டின் மொத்த உற்பத்தி மதிப்பில் பாதிக்கு மேற்பட்ட பங்கு இன்று இத்துறையினுடையது. தனியார் முயற்சியால் அது ஒரு வட்டாரத்தில் வேரூன்றிய வரலாற்றை, கொல்லிமலை அடிவாரத்துச் சேந்தமங்கலத்தில் நின்று நோக்குவோம்.

மலைமேல் விளைந்த பலாவும் வாழையும் தேனும் மிளகும் ஒரு காலத்தில் தலைச்சுமையாகவே அடிவாரத்துக்கு இறங்கின. காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளுடன் சாலை அமைந்த பின்னரே அச்சுமை சக்கரத்தின்மேல் ஏறியது. சமவெளியிலோ மாட்டு வண்டியே துணை. சேலமும் கரூரும் 1860-களிலேயே இருப்புப் பாதையைக் கண்டன. இரண்டுக்கும் இடையிலுள்ள நாமக்கல் 2013-ஆம் ஆண்டில்தான் கண்டது. ஆனால் வாரணாசியையும் கன்னியாகுமரியையும் இணைக்கும் நெடுஞ்சாலை அவ்வூர் வழியே சென்றது. மழையை நம்பிய புன்செய்ப் பூமி, இரயில் இல்லை, பெருஞ்சாலை உண்டு. இந்நிலையில் மக்கள் லாரியை நாடியதில் வியப்பென்ன?

ஆலையிலிருந்து வருவது பெரும்பாலும் சக்கரமும் எஞ்சினும் பூட்டிய அடிச்சட்டமே. அதற்குப் பாடி கட்டும் பட்டறைகள் நாமக்கல்லில் பெருகின. தச்சர், கொல்லர், வர்ணம் பூசுவோர், டயர் பழுது பார்ப்போர், சரக்குப் பிடித்துத் தரும் தரகர் என ஒரு லாரியைச் சுற்றிப் பல குடும்பங்கள் பிழைத்தன. 1975-ஆம் ஆண்டில் தேசிய பெர்மிட் முறை வந்தபின், பல மாநிலங்களுக்குச் சரக்கேற்றிச் செல்லுதல் எளிதாயிற்று. நாமக்கல் லாரிகள் வட இந்தியாவெங்கும் ஓடலாயின.

யான் ஆசிரியனாயிருந்த நாளில், வருகைப் பதிவேட்டைத் திறந்து ஒரு பெயரை அழைத்தால், அடுத்த பலகையிலிருந்து, "லாரிக்குப் போய்விட்டான், ஐயா" என்று விடை வரும். பெயரை அடித்துவிடுவேன், ஒரு பிள்ளை கெட்டான் என்று வருந்துவேன். என் வருத்தம் பாதியே சரி என்பதைப் பின்னர் உணர்ந்தேன். சரக்கு வண்டி ஓட்ட 20 வயது நிரம்பவேண்டும் என்பது 1988-ஆம் ஆண்டுச் சட்டம். அதுவரை அவன் கிளீனர். தார்ப்பாய் கட்டவும், மேட்டில் சக்கரத்துக்குக் கட்டை வைக்கவும், ஓசையைக் கேட்டே எஞ்சினின் குறையை அறியவும், இந்தி பேசவும் ஓட்டுநரின் அருகிருந்தே கற்றான். கிளீனர் ஓட்டுநராவான், ஓட்டுநர் கடன் வாங்கி ஒரு லாரிக்கு உடைமையாளராவான். இவ்வேணியில் ஏறியோர் பலர்.

எனினும் ஏணிக்குக் கைப்பிடி இல்லை. 1961-ஆம் ஆண்டின் மோட்டார்ப் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என வேலை நேரத்தை வரையறுத்தது. ஆயின் ஐவருக்குக் குறையாத தொழிலாளரைக் கொண்ட நிறுவனங்களுக்கே அதனை விதித்தது. ஓரிரு லாரி மட்டுமே உடையவரிடம் வேலை செய்தோர் அந்த வரம்புக்கு வெளியே நின்றனர். தொழிலின் பரப்போ பெரும்பாலும் இத்தகைய சிறு உடைமையாளரால் ஆனது. இரவெல்லாம் கண்விழித்து ஓட்டியவருக்கு முதுமையில் வருங்கால வைப்பு நிதியும் இல்லை. உழைத்த ஆண்டுகளைக் காட்ட ஒரு சான்றும் இல்லை.

இன்று பல லாரிகள் கிளீனர் இன்றியே செல்கின்றன. ஓட்டுநர் கிடைப்பது அரிதாயிற்று என உரிமையாளர் கூறுகின்றனர். ஓட்டுநரோ தம் மைந்தரை இத்தொழிலுக்கு அனுப்ப விரும்புவதில்லை. முதற்படி தேய்ந்தால் மேற்படிக்கு ஆள் ஏது? சிறுவர் கல்வியை விட்டு லாரியேறிய அந்நாள் மீளவேண்டும் என்று யான் கூறேன். பள்ளிப் படிப்பை முடித்தவருக்கு முறையான பயிற்சியும், லாரி ஒன்றேயாயினும் வேலை நேர வரம்பும் வைப்பு நிதியும் கிட்டவேண்டும் என்பதே என் கருத்து.

மாணவர்களே! வேலைவாய்ப்புப் பற்றிய புள்ளி விவரங்களைப் படிக்கும்போது, எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது என்பதோடு நின்றுவிடாதீர்கள். அவ்வேலை அவர்களை எத்தனை ஆண்டு காத்தது, முதுமையில் எங்கே விட்டது என்றும் கேளுங்கள். என் பதிவேட்டில் அடிக்கப்பட்ட பெயர்கள் அக்கேள்வியையே எனக்குக் கற்பித்தன.