ஜாகுவார் எக்ஸ்.கே. எஞ்சினும் எண்ணெய்க் கசிவும்

1948-இல் அறிமுகமான ஜாகுவார் எக்ஸ்.கே. எஞ்சின், 1951 முதல் 1957 வரை லே மான்ஸ் பந்தயத்தில் ஐந்து வெற்றிகளைத் தேடித்தந்தது. தொடக்ககால எஞ்சின்களில் கிராங்க் ஷாஃப்டின் பின்முனைக்கு ரப்பர் சீல் கிடையாது. ஷாஃப்டில் வெட்டிய திருகுப் பள்ளம், சுழலும்போது எண்ணெயை உள்ளே திருப்பியனுப்பும். எஞ்சின் நின்றால் அந்த வேலையும் நின்று, எண்ணெய் கசியலாம். பிஸ்டன் ரிங்குகள் தேய்ந்தாலும், எரிந்த வாயு கீழிறங்கி, கிராங்க் அறையில் அழுத்தம் கூடி, இடுக்குகள் வழியே எண்ணெய் பிதுங்கும்.

கசிவைத் தேடும்போது, முதலில் அந்த அழுத்தத்தை வெளியேற்றும் பிரீதர் குழாய் அடைத்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். பிறகு எஞ்சினை நன்றாகத் துடைத்து, பவுடர் தூவி ஓடவிடுவார்கள். பவுடர் முதலில் நனையும் இடமே கசிவிடம். எஞ்சினின் உச்சியிலுள்ள கேம் மூடியிலிருந்து வழியும் எண்ணெயும் பின்முனையில் வந்து சொட்டும் என்பதால், தேடல் மேலிருந்தே தொடங்கும். பிற்காலத்தில் எண்ணெயில் ஒளிரும் சாயம் கலந்து, புற ஊதா விளக்கில் பார்க்கும் முறையும் சேர்ந்தது.