தேரிக்காட்டுக் கலயமும் திருவிருந்தின் கிண்ணமும்

திராட்சரசம் உண்டாக்கும் மலைநாட்டுக் கிராமங்களைப் பற்றித் திருச்சபை வரலாற்றில் நாம் வாசிக்கிறோம். காக்கசு மலைச்சாரலிலுள்ள ஜார்ஜியா நாட்டில் மக்கள் பெரிய மண்சாடிகளை நிலத்தில் புதைத்து, பிழிந்த பழச்சாற்றை அவற்றிலே புளிக்க விடுகின்றனர். 4ஆம் நூற்றாண்டில் கிறிஸ்து மார்க்கத்தைத் தழுவிய அந்நாட்டில் மடாலயங்களிலும் இத்தொழில் நடைபெற்று வந்துள்ளது. அம்முறையை யுனெஸ்கோ 2013ஆம் ஆண்டில் மனித குலத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டது. அத்தகைய ஊரொன்றைக் கண்டுவர நமக்கும் ஆவல் எழக்கூடும். ஆனால் நமது திருநெல்வேலித் திருச்சபை வளர்ந்த நிலத்திலேயே, ஒரு மரத்தின் சாற்றையும் ஒரு மண்கலயத்தையும் நம்பி வாழ்ந்த கிராமங்கள் உள்ளன. அவற்றின் வரலாற்றை நாம் போதிய அளவு எண்ணிப் பார்த்ததில்லை.

நம்மாழ்வார் அவதரித்த தலமாகிய ஆழ்வார்திருநகரி தாமிரபரணியின் தென்கரையில் அமைந்துள்ளது. நெல்லும் வாழையும் செழிக்கும் இந்த ஆற்றங்கரை நிலம் முற்காலத்தில் பெரும்பாலும் கோயில்களுக்கும் உயர்சாதி நிலக்கிழார்களுக்கும் உரியதாயிருந்தது. இங்கிருந்து தெற்கு நோக்கிச் சில மைல் செல்வோமானால் நிலத்தின் நிறமே மாறுகிறது. நாசரேத், பிரகாசபுரம், மெஞ்ஞானபுரம், முதலூர், உடன்குடி எனப் பரந்து கிடக்கும் இப்பகுதியில் செம்மணல் தேரியும் பனங்காடுமே கண்ணுக்குத் தோன்றும். ஆற்றுநீர் எட்டாத இந்நிலத்தில் மக்களுக்குச் சோறிட்டது பனையே.

பனையேறும் தொழிலாளி மார்பில் தோலும் காலில் தளைநாரும் அணிந்து, இடுப்பில் அரிவாட்பெட்டியைக் கட்டிக்கொண்டு, காலையும் மாலையும் மரமேறுகிறார். பாளையின் நுனியை மெல்லச் சீவி, வடியும் சாற்றுக்குக் கலயம் கட்டுகிறார். அச்சாறு இனிமையானது. ஆயினும் காற்றிலும் கலயத்திலுமுள்ள நுண்ணுயிர்கள் அதனை இறங்கிய சில மணி நேரத்திலேயே புளிக்கச் செய்து கள்ளாக்கிவிடும். கலயத்தின் உட்புறத்தில் சுண்ணாம்பு தடவினாலோ அப்புளிப்பு தடைபட்டு, சாறு பதநீராகவே நிற்கும். அதனை விடிலியில் பெண்கள் அடுப்பனலில் நின்று காய்ச்சி, பாகு பதமானதும் சிரட்டைகளில் வார்த்துக் கருப்பட்டியாக்குகின்றனர். மரமும் ஒன்றே, உழைப்பும் ஒன்றே, ஆபத்தும் ஒன்றே. கள்ளையும் கருப்பட்டியையும் பிரிப்பது சிறிதளவு சுண்ணாம்புதான்.

இம்மக்களிடையேதான் நற்செய்தி வேரூன்றியது. இப்பகுதியைச் சேர்ந்த உபதேசியார் டேவிட் சுந்தரானந்தத்தின் முயற்சியால் 1799இல் கிறிஸ்தவர்களுக்கென்றே முதலூர் என்னும் குடியிருப்பு ஏற்பட்டது. 1841இல் இடையன்குடிக்கு வந்த கால்டுவெல் இம்மக்களுக்காகப் பல ஆண்டுகள் உழைத்தார். ஆயினும் 1849இல் அவர் வெளியிட்ட சிறுநூல் பனையேறும் சமுதாயத்தினரை அறிவிலும் நாகரிகத்திலும் தாழ்ந்தவராகச் சித்திரித்தது. அது நாடார் சமுதாயத்தில் ஆழ்ந்த மனக்காயத்தை உண்டாக்கியது. மக்களை நேசித்த ஒருவரே அவர்களுடைய தொழிலைக்கொண்டு அவர்களை அளந்துவிட்டார் என்பதை நாம் மறைப்பதற்கில்லை.

அந்நூலை எதிர்த்தவர்களுள் ஒருவர் சட்டாம்பிள்ளை எனப்பட்ட அருமைநாயகம். நாசரேத்தில் மிஷனின் கீழ்ப் பணியாற்றி, மிஷனெரியோடு முரண்பட்டுப் பிரிந்த அவர், 1857இல் இந்து கிறிஸ்தவ சபையை நிறுவினார். பிரகாசபுரத்தை மையமாகக் கொண்ட அச்சபை ஐரோப்பியத் தலைமையை ஏற்கவில்லை. ஐரோப்பியருடையவை என்று கருதிய வழக்கங்களை விலக்கி, வேதாகமத்தின் கீழ்த்திசை மரபுக்குத் திரும்ப விழைந்தது. சனிக்கிழமையை ஓய்வுநாளாக ஆசரித்தது. திருவிருந்திலோ புளித்த திராட்சமதுவை விடுத்துப் புளிக்காத திராட்சச் சாற்றையே வழங்கியது.

இச்செய்தி நமது சிந்தனைக்குரியது. அவர்கள் இதற்கு வேதத்தையே ஆதாரமாகக் கொண்டனர். எனினும் இனிய சாற்றுக்கும் புளித்த சாற்றுக்குமுள்ள வேறுபாட்டை நாள்தோறும் கையில் ஏந்தி அறிந்த மக்களிடையே இம்மாற்றம் எழுந்தது என்பதையும் நாம் நோக்கவேண்டும். கிண்ணத்தில் எது இருக்கவேண்டும் என்பதைக் கடல் கடந்து வந்தவர்களே தீர்மானிக்கவேண்டுமா என்பது அவர்கள் எழுப்பிய வினா. திருச்சபை அவர்களைப் பிரிவினைக்காரர் என்று ஒதுக்கியபோதிலும் அவ்வினா ஒதுங்கிப் போகவில்லை.

பின்வந்த காலத்தில் சட்டமும் கலயத்துக்குள் எட்டிப் பார்த்தது. 1886ஆம் ஆண்டின் ஆப்காரிச் சட்டம் கள்ளைச் சென்னை மாகாண அரசின் வருவாய்க்கு வழியாக்கியது. 1937இல் சேலம் மாவட்டத்தில் தொடங்கிய மதுவிலக்கு 1948இல் மாகாணம் முழுவதும் பரவியது. 1971இல் தளர்ந்த தடை, சில ஆண்டுகளில் மீண்டும் வந்தது. 1981இல் திறக்கப்பட்ட கள்ளுக்கடைகள் 1987இல் மூடப்பட்டன. அன்றுமுதல் தமிழ்நாட்டில் கள் இறக்கத் தடை நீடிக்கிறது. 2003 முதலோ அரசு நிறுவனமே மதுவகைகளைச் சில்லறையில் விற்று வருகிறது. ஆலையில் வடித்த மதுவுக்கு அங்காடி உண்டு. மரத்தினின்று இறக்கிய கள்ளுக்குத் தண்டனை உண்டு. இந்த முரண்பாட்டின் நடுவே பதநீர் இறக்குபவரும் ஐயத்துக்குரியவராக நிற்க நேரிடுகிறது.

நமது சபைகள் மதுவிலக்கைப் போற்றியது நன்றே. குடியினால் சிதைந்த குடும்பங்களை அறிந்த ஆயர் எவரும் அதனை மறுக்கமாட்டார். ஆனால் குடியைக் கண்டித்த நமது பிரசங்கங்கள், மரமேறும் கைகளுக்கு உரிய மதிப்பை அளித்தனவா? பனையேறிகளின் காணிக்கையும் சேர்ந்து எழுந்த ஆலயங்களில், பனையேறியின் மகன் என்று சொல்லிக்கொள்ள நாணிய தலைமுறைகளும் வளர்ந்தன. உடன்குடிக் கருப்பட்டி 2023இல் புவிசார் குறியீடு பெற்றுவிட்டது. ஆனால் மரமேறுவோரின் தொகையோ குறைந்துகொண்டே வருகிறது. பண்டத்தின் பெயர் உயர, அதைச் செய்பவர் மறைந்துபோவது நீதியாகுமா?

கானாவூர்க் கலியாணத்தில் தண்ணீர் திராட்சரசமானதை நாம் வாசிக்கும்போது, அந்தத் தண்ணீரை மொண்ட வேலைக்காரரையும் சுவிசேஷகன் மறவாமல் குறித்திருப்பதைக் காண்கிறோம். ரசம் எங்கிருந்து வந்ததென்று பந்திவிசாரிப்புக்காரன் அறியாதிருந்தான், வேலைக்காரரோ அறிந்திருந்தார்கள். தேரிக்காட்டின் வரலாற்றை எழுதுவோரும் கற்பிப்போரும் முதலில் செவிகொடுக்க வேண்டியது அவ்வாறு அறிந்தவர்களுக்கே.